ஸ்டீவ் ஸ்பரியர்: ஆட்டக்காரரும் கல்லூரிப் பயிற்சியாளரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தக் கால்பந்து?

அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால், ஆட்டம் பெரும்பாலும் கையில். இரு முனையும் கூம்பிய பந்து, பக்கத்துக்கு 11 பேர், 100 யார்டு நீள மைதானம், அதைத் தாண்டி இரண்டு முனையிலும் 10 யார்டுக்கு 'எண்ட் ஸோன்'. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு கிடைக்கும். எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 புள்ளி. உடனே ஒரு கூடுதல் வாய்ப்பு உண்டு: உதைத்து எடுத்தால் 1, ஓடியோ எறிந்தோ உள்ளே கொண்டுபோனால் 2. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. தாக்கும் அணியில் பந்தை வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். ஸ்பரியர் ஆடிய இடம் அதுதான். பயிற்சியாளரான பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததும் அந்த இடத்தைத்தான்.

ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளரானவர்கள் எத்தனையோ பேர். இவரிடம் என்ன விசேஷம்?

இரண்டு பக்கமும் உச்சத்தைத் தொட்டவர்கள் மிகக் குறைவு. கல்லூரிக் கால்பந்தின் புகழ் மன்றமான ஹால் ஆஃப் ஃபேமில் 1986-இல் ஆட்டக்காரராகவும் 2017-இல் பயிற்சியாளராகவும் சேர்க்கப்பட்டார். அவருக்கு முன்னால் இப்படி இரண்டு வகையிலும் இடம்பெற்றவர்கள் மூன்றே பேர்: அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக், பாபி டாட், போடன் வையாட். கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹைஸ்மனைத் தான் வாங்கி, பிறகு தன் மாணவர் ஒருவரையும் வாங்கவைத்த முதல் மனிதரும் இவர்தான். அவர் வாங்கியது 1966-இல், மாணவர் டேனி வுர்ஃபல் வாங்கியது 1996-இல்.

மாணவராக எப்படி ஆடினார்?

1945-இல் மயாமி பீச்சில் பிறந்து, டென்னஸி மாநிலத்தின் ஜான்சன் சிட்டியில் வளர்ந்தவர். அப்பா பிரெஸ்பிடேரியன் சபைப் போதகர். புளோரிடா பல்கலைக்கழகத்துக்கு ரே கிரேவ்ஸ் பயிற்சியில் 1964 முதல் 1966 வரை ஆடினார்.

1966 ஜனவரி 1-ஆம் தேதி நடந்த சுகர் பௌல் ஆட்டத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பருவ முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம்தான் 'பௌல்'. மிசௌரியிடம் 20-0 என்று பின்தங்கியிருந்த புளோரிடா, கடைசிக் கால்பகுதியில் மூன்று டச்டவுன் எடுத்தது. மூன்று முறையும் 1 புள்ளி உதையை விட்டுவிட்டு 2 புள்ளிக்குப் போனது. மூன்றும் தவறின. முடிவு 20-18. மூன்று உதைகளை எடுத்திருந்தால் 21. எப்போது 1, எப்போது 2 என்று கணக்குப் போடப் பழகுகிறவர்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆட்டம் இது. தோற்ற அணியில் இருந்தும் அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருது ஸ்பரியருக்கே கிடைத்தது.

ஆபர்னுக்கு எதிரான அந்த உதை பற்றிச் சொல்கிறார்களே?

1966 அக்டோபர் 29. ஆட்டம் 27-27. முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். வழக்கமாக உதைப்பவருக்கு அவ்வளவு தூரம் எட்டாது. குவாட்டர்பேக்கான ஸ்பரியர் தானே உதைக்கிறேன் என்று சொல்லி 40 யார்டு ஃபீல்டு கோல் எடுத்தார். 30-27.

40 யார்டு என்பது எப்படி வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். கல்லூரி ஆட்டத்தில் கம்பங்கள் எண்ட் ஸோனின் பின்கோட்டில் நிற்கும், அதற்கு 10 யார்டு. பந்தைப் பிடித்து நிறுத்துபவர் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து சுமார் 7 யார்டு பின்னால் மண்டியிடுவார். ஆக 40 யார்டு உதைக்குப் பந்து ஏறத்தாழ 23 யார்டு கோட்டில் இருந்திருக்கும்.

ஹைஸ்மன் வாக்கெடுப்பில் அந்த உதைக்குப் பெரிய பங்கு உண்டு. கோப்பை கைக்கு வந்ததும் அதைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். மாணவர்கள் பணம் போட்டு அவருக்கு இன்னொன்று செய்துகொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் ஆட்டக்காரருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று என்று இரண்டு கோப்பை கொடுக்கும் வழக்கம் வந்தது.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஏன் சோபிக்கவில்லை?

1967 டிராஃப்டில், அதாவது அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், மூன்றாவது ஆளாகச் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் எடுத்தது. அங்கே ஜான் ப்ரோடி என்ற நிலைபெற்ற குவாட்டர்பேக் இருந்தார். ஸ்பரியருக்குப் பெரும்பாலும் மாற்று ஆளின் வேலையும், பந்தைத் தூர உதைத்துத் தள்ளும் பன்ட் வேலையும்தான். 1972-இல் ப்ரோடி காயம்பட்டபோது பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களை இவர் நடத்தினார், அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. 1976-இல் புதிதாகத் தொடங்கிய டாம்பா பே அணிக்குப் போனார். அந்த அணி அந்த ஆண்டு ஆடிய 14 ஆட்டங்களிலும் தோற்றது.

இதை வீணான பத்தாண்டு என்று எழுதுகிறவர்கள் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மைதானத்துக்கு வெளியே நின்று பத்து வருடம் எதிரணியின் தடுப்பை வாசித்தவருக்கு, உள்ளே நின்று அடிவாங்கியவருக்குத் தெரியாத பலது தெரியும்.

ஓய்வு பெற்றதும் நேரே தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிட்டாரா?

இல்லை. ஆட்டக்காரர்கள் பலர் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தைத்தான். அவர் ஏறிய படிகள் இவை:

1978 – புளோரிடாவில் குவாட்டர்பேக் பயிற்சியாளர். அந்த ஆண்டு முடிவில் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார், புதியவர் இவரை வைத்துக்கொள்ளவில்லை.
1979 – ஜார்ஜியா டெக்கில் அதே வேலை. மறுபடி தலைமை மாறியது, மறுபடி வேலை போனது.
1980–82 – டியூக் பல்கலைக்கழகத்தில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர்.
1983–85 – யுஎஸ்எஃப்எல் என்ற புதிய தொழில்முறை லீக்கில் டாம்பா பே பாண்டிட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளர். 35 வெற்றி, 19 தோல்வி.
1987–89 – டியூக் தலைமைப் பயிற்சியாளர்.
1990–2001 – புளோரிடா.
2002–03 – என்எஃப்எல்லில் வாஷிங்டன்.
2005–15 – சவுத் கரோலினா.

உதவிப் பயிற்சியாளர் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அவர் வேலை தலைமைப் பயிற்சியாளரின் தலையோடு கட்டப்பட்டது. ஹைஸ்மன் வாங்கியவர், சொந்தக் கல்லூரி என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருடத்தில் இரண்டு முறை வெளியே வந்தார். மூன்றாவது இடத்தில்தான் ஒவ்வொரு முயற்சியிலும் என்ன ஆடுவது என்று தானே தேர்ந்தெடுத்துச் சொல்லும் பொறுப்பு கைக்கு வந்தது. டியூக்கில் அவர் வளர்த்த பென் பென்னட் 1983-இல் கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது, எறிந்து எடுத்த மொத்த யார்டுகளில் அதுவரை இருந்த சாதனையைத் தாண்டியிருந்தார். ஸ்பரியரின் உண்மையான சான்றிதழ் ஹைஸ்மன் அல்ல, பென்னட்டின் அந்தக் கணக்குதான். பயிற்சியாளர் வேலைக்குப் போகும் ஆட்டக்காரர் தன் பெயரை வைத்து முதல் வேலையை வாங்கிவிடலாம். இரண்டாவது வேலைக்கு அவர் யாரை வளர்த்தார் என்றுதான் கேட்பார்கள்.

டியூக்கில் அப்படி என்ன பெரிதாகச் செய்தார்?

எங்களைக் கேட்டால், அவர் செய்ததிலேயே கடினமான வேலை அதுதான். டியூக் படிப்புக்கும் கூடைப்பந்துக்கும் பெயர்போன இடம். கால்பந்தில் 1962-க்குப் பிறகு, அது ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான ஏசிசியின் பட்டம் இல்லை. 1960 பருவத்துக்குப் பிறகு பௌல் ஆட்டத்துக்கு அழைப்பும் இல்லை. முதல் ஆண்டு 5-6 (5 வெற்றி, 6 தோல்வி), இரண்டாம் ஆண்டு 7-3-1 (மூன்றாவது எண் சமநிலை). 1989-இல் முதல் நான்கு ஆட்டத்தில் மூன்று தோல்வி. அங்கிருந்து எழுந்து, பலமான கிளெம்சனை 21-17 என்று வீழ்த்தி, தொடர்ந்து ஏழு ஆட்டம் வென்று, வர்ஜீனியாவோடு பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது டியூக். பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் அக்கம்பக்கத்துப் போட்டியாளர் நார்த் கரோலினாவை அவர்கள் மைதானத்திலேயே 41-0 என்று தோற்கடித்து, ஸ்கோர்போர்டு தெரியும்படி அணியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பருமனான, வேகமான ஆட்டக்காரர்கள் டியூக்குக்கு வரமாட்டார்கள். அதனால்தான் எறியும் ஆட்டம். பந்தை எறிந்து ஆடும்போது எதிரணியை முட்டித் தள்ள வேண்டியதில்லை, சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் பந்து போய்ச் சேர்ந்தால் போதும். அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்கலாம். உடல் பலத்தை அப்படி வரவழைக்க முடியாது.

'ஃபன் அண்ட் கன்' என்று சொல்லப்பட்ட அவருடைய ஆட்டமுறை எப்படி வேலை செய்தது?

ஒரே ஒரு உத்தியை எடுத்துக்கொண்டால் மற்றது புரியும். 'மில்ஸ்' என்று இன்றும் பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். புளோரிடாவில் ஆடிய எர்னி மில்ஸ் என்ற ரிசீவரின், அதாவது எறிந்த பந்தைப் பிடிப்பவரின், பெயரால் வந்தது.

ஒரே பக்கத்தில் இரண்டு ரிசீவர்கள். உள்ளே நிற்பவர் 12 முதல் 15 யார்டு நேரே ஓடி, சட்டென்று மைதானத்தின் நடுப்பக்கம் செங்குத்தாகத் திரும்புவார். இந்த ஓட்டத்துக்கு 'டிக்' என்று பெயர். வெளியே நிற்பவர் ஏறத்தாழ அதே ஆழம்வரை நேரே ஓடி, கம்பங்களை நோக்கிச் சாய்வாக வெட்டுவார். அது 'போஸ்ட்'. இரண்டு பேரையும் பார்த்தபடி ஆழத்தில் நிற்கும் தடுப்பாளர் 'சேஃப்டி'. குவாட்டர்பேக் பார்க்க வேண்டியது அந்த ஒருவரைத்தான். சேஃப்டி டிக்கைப் பிடிக்க ஓரடி முன்னால் வந்தால் அவர் தலைக்குமேல் போஸ்டுக்கு எறி. பின்னாலேயே நின்றால் டிக்குக்கு எறி. சேஃப்டி எந்தப் பக்கம் போனாலும் ஒருவர் திறந்திருப்பார்.

கெட்டுப்போகும் இடங்களும் குறிப்பானவை. வெளி ரிசீவர் சீக்கிரமே வெட்டிவிட்டால் சேஃப்டிக்கு இரண்டு பேரும் ஒரே பார்வையில் கிடைப்பார்கள். குவாட்டர்பேக் ரிசீவர் திறந்ததைக் கண்ட பிறகு எறிந்தால் அரை விநாடி தாமதம். பந்து போய்ச் சேர்வதற்குள் சேஃப்டி திரும்பிவிடுவார். அதனால் சேஃப்டியின் பாதம் முன்னால் பெயரும்போதே எறிய வேண்டும். சேஃப்டி ஒருவரே மைதானத்தின் நடுவில் ஆழமாக நின்றால் போஸ்ட் அவர் மடியில் போய் விழும், எனவே வரிசையில் நிற்கும்போதே வேறு உத்திக்கு மாற்றிச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை ஏறத்தாழ மூன்று விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் படத்தில் வரைந்த எதுவும் நடக்காது.

புளோரிடாவுக்கு வந்ததும் முதலில் எதை மாற்றினார்?

குவாட்டர்பேக் வரிசையை. ஐந்தாவது இடத்தில் கிடந்த ஷேன் மேத்யூஸை 1990-இல் முதலாவது ஆக்கினார். மேத்யூஸ் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும், புளோரிடா ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பான எஸ்இசியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். முந்தைய நிர்வாகக் காலத்துத் தவறுகளுக்கான தண்டனையால் 1990-இல் பட்டத்துக்குத் தகுதி இல்லை, ஆனாலும் எஸ்இசியில் அதிக வெற்றி புளோரிடாவுக்குத்தான். 1991-இல் பட்டம் வந்தது. பறிக்கப்படாமல் கையில் நின்ற முதல் எஸ்இசி பட்டம் அதுதான். பிறகு 1993, 94, 95, 96, 2000.

செயற்கைத் தரையை எடுத்துவிட்டு இயற்கைப் புல்லும் 1990-இல்தான் வந்தது. மைதானத்துக்கு 'ஸ்வாம்ப்', அதாவது சதுப்பு நிலம் என்று பெயர் வைத்தவரும் அவரே. அணியின் சின்னம் முதலை. அங்கே அவர் ஆடவைத்த ஆட்டங்களில் 68 வெற்றி, 5 தோல்வி.

1996-இல் அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் தோற்றும் எப்படித் தேசியப் பட்டம் கிடைத்தது?

கதை ஓராண்டு முன்னாலேயே தொடங்குகிறது. 1995 பருவத்தில் 12-0 என்று போன அணி, 1996 ஜனவரியில் ஃபியஸ்டா பௌலில் நெப்ராஸ்காவிடம் 62-24 என்று நொறுங்கியது. 24 புள்ளி எடுத்தும் போதவில்லை என்றால் குறை தடுப்பில். ஸ்பரியர் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து பாப் ஸ்டூப்ஸைத் தடுப்பு ஒருங்கிணைப்பாளராகக் கொண்டுவந்தார். தனக்குத் தெரியாத பாதியைத் தெரிந்தவர் கையில் முழுதாக விட்டது அவர் எடுத்த சிறந்த முடிவுகளில் ஒன்று.

நவம்பர் 30, முதலிடத்தில் இருந்த புளோரிடா, இரண்டாமிடத்தில் இருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 24-21 என்று தோற்றது. வுர்ஃபல் திரும்பத் திரும்பத் தரையில் விழுந்தார். அடுத்த வாரம் எஸ்இசி இறுதியில் அலபாமாவை 45-30 என்று வென்றார்கள். பட்டத்துக்குப் போட்டியில் இருந்த நெப்ராஸ்கா அதே நாள் டெக்ஸஸிடம் தோற்றது. அதனால் சுகர் பௌலில் ஃபுளோரிடா ஸ்டேட்டோடு மறுபடி மோதும் வாய்ப்பு வந்தது. ஜனவரி 1-ஆம் தேதி ரோஸ் பௌலில், பட்டத்துக்குப் போட்டியில் இருந்த அரிசோனா ஸ்டேட்டும் ஓஹயோ ஸ்டேட்டிடம் தோற்க, மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் வெல்பவருக்கே பட்டம் என்றாகிவிட்டது.

ஸ்பரியர் செய்த மாற்றம் ஐந்து யார்டு. வழக்கமாகக் குவாட்டர்பேக்கை, பந்தை எடுத்துக் கொடுக்கும் மையக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தி, பந்தை வாங்கியபடி பின்வாங்கச் சொல்வார். அன்று வுர்ஃபலைத் தொடக்கத்திலேயே ஐந்து யார்டு பின்னால் நிறுத்தினார். 'ஷாட்கன்' என்பது அதுதான். பின்வாங்கும் நேரம் மிச்சம், கண் முழுநேரமும் எதிரணிமேல். அதே வுர்ஃபல், அதே எதிரணி. 306 யார்டு, மூன்று டச்டவுன் எறிதல், தானே ஓடி ஒன்று. 52-20.

இரண்டு குவாட்டர்பேக்கை மாற்றி மாற்றி ஆடவைத்தது உண்மையா?

உண்மை. 1997 நவம்பர், தோல்வியே காணாத ஃபுளோரிடா ஸ்டேட். டக் ஜான்சனும் நோவா பிரிண்டிஸும் ஒவ்வொரு முயற்சிக்கும் மாறி மாறி உள்ளே போனார்கள். வெளியே நிற்பவர் தோளில் கைபோட்டு அடுத்த முயற்சியில் ஆட வேண்டியதை, எந்தத் தடுப்பாளரைப் பார்க்க வேண்டும் என்பதோடு சேர்த்து, ஸ்பரியரே சொல்லி அனுப்பினார். 32-29 வெற்றி. எல்லா அணிக்கும் இது சரிவராது. இரண்டு பேருக்கும் ஆட்டத்தின் ஓட்டம் கைகூடாமல் போகும் அபாயம் பெரிது.

வாஷிங்டனில் ஏன் தோற்றார்?

முதல் ஆண்டு 7-9, இரண்டாம் ஆண்டு 5-11. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் மூன்றாண்டு மிச்சமிருக்க விலகினார்.

காரணங்களில் பாதி விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இரண்டு உள்கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி இடைவெளி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரமாக இருந்தால் மறுபக்கம் வயல்போலத் திறந்து கிடக்கும், ரிசீவருக்கு இடம் தாராளம். என்எஃப்எல்லில் பந்து ஏறத்தாழ நடுவிலேயே இருக்கும். கல்லூரியில் ஒரு கால் எல்லைக்குள் பட்டால் பிடிப்பு செல்லும், அங்கே இரண்டு காலும் பட வேண்டும்.

மீதிப் பாதி ஆள் கணக்கு. கல்லூரியில் நல்ல ஆட்டக்காரர்களை வீடு தேடிப் போய் அழைத்துவந்து பலவீனமான அணிகளைவிடப் பல மடங்கு முன்னால் போகலாம். என்எஃப்எல்லில் டிராஃப்டும் சம்பள உச்சவரம்பும் எல்லோரையும் சமமாக்கும். ஐந்து பேர் காவலோடு ஐந்து ரிசீவரை அனுப்பும் அவர் பாணிக்கு, ஆறாவது ஏழாவது ஆளையும் பாயவிடும் தடுப்புகள் தண்டனை கொடுத்தன. இளம் குவாட்டர்பேக் பேட்ரிக் ராம்சே 2003-இல் அடிமேல் அடி வாங்கினார்.

சவுத் கரோலினாவில் பழைய பாணியே தொடர்ந்ததா?

இல்லை, அதுதான் அங்கே பாராட்ட வேண்டியது. உள்ளூர்ப் பள்ளிகளிலேயே அருமையான ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அல்ஷான் ஜெஃப்ரி, ஸ்டெஃபான் கில்மோர், மார்கஸ் லாடிமோர், ஜடேவியன் கிளௌனி எல்லோரும் அந்த மாநிலத்துப் பிள்ளைகள். லாடிமோர் ஓடுவதில் கெட்டிக்காரர், குவாட்டர்பேக் கானர் ஷாவும் ஓடக்கூடியவர். அறுபது வயதைத் தாண்டிய ஸ்பரியர், தனக்குப் பெயர் வாங்கித்தந்த எறியும் ஆட்டத்தைக் குறைத்து ஓட்டத்துக்கு மாறினார். 2010 அக்டோபரில் முதலிடத்தில் இருந்த அலபாமாவை 35-21 என்று வென்றார்கள். 2011, 12, 13 மூன்றாண்டும் 11-2. அதற்கு முன் அந்தக் கல்லூரி ஒரு பருவத்திலும் 11 வெற்றி கண்டதில்லை.

2015-இல் பருவத்தின் நடுவில் ஏன் விலகினார்?

அணி 2-4 என்று இருந்தது, அவருக்கு வயது 70. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுதான் இருப்பேன் என்று முந்தைய ஆண்டு வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பள்ளி முடிக்கும் பையன் நான்கைந்து ஆண்டுக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறான். "நீ படித்து முடிக்கும்போது அவர் அங்கே இருக்கமாட்டார்" என்று எதிரணிகள் அவன் பெற்றோரிடம் சொல்ல அந்த ஒரு வாக்கியம் போதும். ஆள்சேர்ப்பு தளர்ந்தால் விளைவு உடனே தெரியாது, ஓரிரு ஆண்டு கழித்து மொத்தமாகத் தெரியும்.

மொத்தக் கணக்கு?

டியூக்கில் 20-13-1, புளோரிடாவில் 122-27-1, சவுத் கரோலினாவில் 86-49. கூட்டினால் கல்லூரி அளவில் 228-89-2. புளோரிடா, சவுத் கரோலினா இரண்டிலும் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர். 2019-இல் ஏஏஎஃப் என்ற புதிய லீக்கில் ஆர்லாண்டோ அணியை 7-1 என்று நடத்தினார். பருவம் முடிவதற்குள் லீக்கே நின்றுவிட்டது. 2016 முதல் புளோரிடா மைதானத்தின் தரைக்கு அவர் பெயர்.

ஆட்டப் பதிவுகளைப் பார்க்க விரும்பினால் எதிலிருந்து தொடங்கலாம்?

1996 நவம்பர் 30 ஆட்டத்தையும் 1997 ஜனவரி 2 சுகர் பௌலையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதல் தடவை பந்தை விட்டுவிட்டு வுர்ஃபல் நிற்கும் இடத்தை மட்டும் கவனியுங்கள். பிறகு 2010 அலபாமா ஆட்டம்: ஸ்டீபன் கார்சியா எறிந்த 20-இல் 17 கைக்குப் போய்ச் சேர்ந்தன, அவற்றில் மூன்று டச்டவுன். அதில் ஒவ்வொரு எறிதலுக்கும் முன்னால் ஆழத்தில் நிற்கும் சேஃப்டியின் கால் எந்தப் பக்கம் பெயர்கிறது என்று பாருங்கள். பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நான்கைந்து முயற்சிக்குள் பிடிபட்டுவிடும்.